கெட்டில் பெண்ட் கொக்குகளின் கடைசிப் பந்து

வாங்க கண்ணுகளா, கிட்ட வாங்க. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வாங்க, ஆற்றுக் காற்று எலும்பைத் தொடுகிறது. காலை நீட்டி உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். ஜெயித்தவர்கள் கதை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு பந்து, ஒரு பெண், இருபத்துநாலு மணி நேரம். அவ்வளவுதான்.

எங்கள் கெட்டில் பெண்டுக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது. மார்ச் மாதம் பிளாட் ஆற்றின் மணல்திட்டுகளில் வந்து இறங்குமே, அந்தக் கொக்குகளின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கொக்குகள் மார்ச்சில் வந்து ஏப்ரலில் போய்விடும். ஆட்டக்காரர்கள் ஏப்ரலில் வந்து செப்டம்பரில் போய்விடுவார்கள். மீதி நாளெல்லாம் ஊரில் நாங்களும் சோளத் தட்டையும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் ரயில் பட்டறை ஆட்கள் ஆரம்பித்த அணி அது. பழைய தானியக் கிடங்கு ஒன்றைப் பிரித்து, அந்தப் பலகைகளில்தான் பார்வையாளர் மேடையைக் கட்டினார்கள். மழை பெய்தால் மேடையெல்லாம் கோதுமை மணக்கும். முப்பத்தொன்றில் ஒரு சூறாவளி வந்து மேடைக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் பிளாஹா வீட்டுச் சோளக்கொல்லையில் வைத்துவிட்டது. ஊரே கூடி, ஆறு குதிரை வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆட்டம் நிற்கவில்லை. முப்பத்துநாலில் புழுதிக்காற்று. ஒருத்தன் உயரத் தூக்கி அடித்த பந்து புழுதிக்குள் போனது போனதுதான். அது இன்னும் கீழே வரவில்லை என்று முடிவெட்டுகிறவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சண்டைக் காலத்தில் நாலு வருஷம் பூட்டிக் கிடந்தது. நாற்பத்தாறில் திறந்த அன்று, நாலாயிரம் பேர் உள்ள ஊரில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் கம்பி முளைத்தது. ஐம்பத்தேழில் வந்தது நூற்றெண்பது பேர், நாய்களையும் சேர்த்து.

பேஸ்பால் லீக்குகள் ஓர் ஏணி மாதிரி, எங்கள் லீக் அதன் கடைசிப் படி. அதற்குக் கீழே தரைதான். அர்கன்சா மலையிலிருந்தும் சிக்காகோ சந்துகளிலிருந்தும் பையன்கள் வருவார்கள், யாராவது வீட்டு மாடியறையில் தங்குவார்கள், மேலே ஏறுவார்கள் அல்லது வீட்டுக்குப் போவார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரே ஒருத்தன்தான் உச்சிப்படி வரைக்கும் போனான். பதினோரு நாள் அங்கே இருந்தான். அந்தப் பதினோரு நாளை நாங்கள் பதினோரு வருஷம் பேசினோம்.

இவர்கள் எல்லாருடைய விதியையும் எழுதியவள் அல்பீனா ஹ்ராடெக்.

அணியின் ஸ்கோரர் அவள். அவளுக்கு முன்னால் அவள் அப்பா போஹுமில். அவர் கண் மங்கிப்போனபின், நாற்பத்தாறிலிருந்து இவள். பெண்பிள்ளைக்கு இந்த வேலையா என்று லீக்கில் இரண்டு பேர் முனகினார்கள். அவள் எழுத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஸ்கோரர் என்றால் ஓட்டங்களை எண்ணுகிறவள் மட்டும் இல்லை. மட்டைக்காரன் ஒரு பந்தை அடித்துவிட்டு ஓடி, முதல் நிலையான முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று வையுங்கள். அவன் திறமையால் சேர்ந்தானா, பிடிக்கவேண்டியவன் கோட்டைவிட்டதால் சேர்ந்தானா? திறமை என்றால் அது 'அடி', அவன் பெயரில் ஏறும். கோட்டைவிட்டது என்றால் 'பிழை'. பேஸில் நிற்கலாம், ஆனால் அவன் பெயரில் ஒன்றும் ஏறாது, சராசரி இறங்கும். இதைத் தீர்ப்பது நடுவர் இல்லை, ஸ்கோரர். எங்கள் ஊரில் மேடைக் கூரைமேல் ஒரு மரக்கூண்டு. ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். ஊர் அதைப் புறாக்கூடு என்று சொல்லும். அல்பீனா அங்கே தனியாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இரண்டு கயிறு. ஒன்றை இழுத்தால் எதிரே வேலிமேல் வெள்ளைப் பலகை எழும், அது அடி. மற்றதை இழுத்தால் சிவப்பு எழும், அது பிழை.

போஹுமில் அவளுக்கு ஸ்கோர் புத்தகத்தோடு சில சட்டங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். கூண்டில் கைதட்டக் கூடாது. கூட்டத்தோடு உட்காரக் கூடாது. ஆட்டக்காரன் தங்கியிருக்கிற வீட்டில் சாப்பிடக் கூடாது. ஊரில் பாதி வீட்டில் ஆட்டக்காரன் இருப்பான், அப்புறம் எங்கே போய்ச் சாப்பிடுவது? முதலில் அது வருஷத்துக்கு ஐந்து மாதச் சட்டமாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் கூப்பிட்டு வராதவளை மிச்ச ஏழு மாதமும் யார் கூப்பிடுவார்கள்? தானியக் கிடங்கு பிராங்க் செட்லாக் ஒரு ஜூன் மாதம், "ஞாயிற்றுக்கிழமை நடனத்துக்கு வர்றியா அல்பீனா?" என்று கேட்டான். "சீசன் முடியட்டும்" என்றாள். சீசன் முடிந்தபோது அவன் வேறொருத்தியோடு ஆடிக்கொண்டிருந்தான். அப்பாவும் போனபின் அவள் வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டி. ஐம்பத்தேழில் அவளுக்கு வயது நாற்பத்தாறு.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் கடிதம் வந்தது. லீக் கலைகிறது. செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் நாள், அன்றைக்கு இரண்டு ஆட்டம். அதோடு கொக்குகள் கதை சரி.

அந்த வருஷம் எங்கள் அணியில் லாய் பெட்டஸ் என்று ஒருத்தன். அர்கன்சாக்காரன், இருபத்தெட்டு வயது. அந்த ஏணியில் இருபத்தெட்டு என்றால் கிழவன். எட்டு வருஷமாகக் கடைசிப் படியிலேயே நிற்கிறான். ஊரில் மனைவி வெர்னா, இரண்டு பெண் குழந்தைகள். ஜூனில் மேல் லீக் ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்: "முந்நூறோட முடிச்சியானா வசந்த காலப் பயிற்சி முகாம்ல உனக்கு இடம் இருக்கு. இருநூத்துத் தொண்ணூத்தொம்பதுன்னா என் கதவைத் தட்டாதே." ஆயிரம் முறை மட்டை பிடித்தால் முந்நூறு அடி என்கிற விகிதம், அதுதான் சராசரிக் கோடு. ஊருக்கே அந்தக் கணக்கு மனப்பாடம்.

கடைசி நாள், இரண்டாம் ஆட்டம், கடைசி முறை. லாய் மட்டையோடு வந்து நின்றபோது அவன் கணக்கு முந்நூற்று எண்பத்தொன்பது முறையில் நூற்றுப்பதினாறு அடி. ஒரே ஒரு அடி விழுந்தால் முந்நூற்றுத் தொண்ணூறில் நூற்றுப்பதினேழு. மயிரிழை பிசகாமல் முந்நூறு. மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அன்று முந்நூறு பேர் வந்திருந்தார்கள், இழவுக்கு வருகிற மாதிரி.

இரண்டாவது பந்தை அடித்தான். தரையோடு மூன்றாம் பேஸை நோக்கி ஓடியது பந்து. அங்கே எதிரணிப் பையன் மெர்ல் ஓஸ்லண்ட், பத்தொன்பது வயது. சரியாக அதன் எதிரே வந்து குனிந்தான். பந்து அவன் மேல் பட்டுத் தெறித்தது. அவன் தேடி எடுத்து எறிவதற்குள் லாய் முதல் பேஸைத் தாண்டிவிட்டான்.

எல்லாத் தலையும் புறாக்கூட்டைப் பார்த்துத் திரும்பியது.

அல்பீனா மேலிருந்து தெளிவாகப் பார்த்தாள். பந்து நேராக வந்தது. பையன் நேராக நின்றான். பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. அவள் கை தயங்கவில்லை. சிவப்புப் பலகை எழுந்தது.

மேடை முழுக்கப் பார்த்தது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மேடை கேட்காத சத்தம். அடுத்தவன் ஆட்டமிழந்தான், ஆட்டம் முடிந்தது, அணி முடிந்தது. லாய் மட்டும் மேலே பார்க்கவே இல்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனான்.

அவள் ஏணியில் இறங்கியபோது பிளாஹா வீட்டம்மாள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அல்பீனா, உன் சொத்தையா எழுதிக் கேட்டோம்? ஒரு வெள்ளைப் பலகைதானே!"

"பார்த்ததைப் போட்டேங்க."

"பார்த்தாளாம்! மனுசங்களோட உட்கார்ந்து பார்த்திருந்தா மனுசங்க மாதிரி தெரிஞ்சிருக்கும். புறாக்கூட்டுலேர்ந்து பார்த்தா எல்லாரும் தானியமாத்தான் தெரிவாங்க."

அணியின் மேலாளர் ஹெனிகன் கொஞ்சம் நயமாக வந்தார். "மிஸ் ஹ்ராடெக், இருபத்துநாலு மணி நேரம் இருக்கில்ல? நாளைக்கு அஞ்சே காலுக்குள்ள ஸ்கோரர் தன் தீர்ப்பை மாத்தலாம், விதியிலேயே இருக்கு. லீக்கே செத்துப்போச்சும்மா. பிணத்துக்கு டை கோணலா இருந்தா யார் கேக்கப்போறா?"

"நான் கேப்பேன், மிஸ்டர் ஹெனிகன்."

அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் வீட்டுக்குப் போய், ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுவும் ஒரு நிம்மதிதானே, கண்ணுகளா? துணைக்கு யாரும் இல்லாதவர்களுக்கு, நாம் சொன்னது சரி என்பதுதான் துணை.

மறுநாள் காலை மில்லியின் கடைக்குக் காபி குடிக்கப் போனாள். கவுண்டரில் இருந்த நாலு விவசாயிகள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தர் மட்டும் நிறுத்தவில்லை.

"மில்லி, என் காபி ஆறிப்போச்சு. சிவப்புப் பலகை தூக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். மில்லி அவள் முன்னால் பிளம் பழம் வைத்த இனிப்பு ரொட்டி ஒன்றை, கொலாச்சியை, வைத்தாள், எப்போதும் வைப்பதுதான். ஆனால் எப்போதும் சொல்லும் "நல்லா இருக்கியா"வைச் சொல்லவில்லை.

அவள் பாதி தின்றுகொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஓட்டோ ஷ்ரோடர் வந்தார். மைதானத்தைப் பராமரிக்கிறவர், எழுபது வயது. கடைக்குள் தொப்பியோடு வரமாட்டார். அன்று தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார். அவள் பக்கத்து முக்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்த முக்காலியில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"அல்பீனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. திட்டாதே."

"சொல்லுங்க."

"ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல மண்ணை இழுத்துச் சமம் பண்ணுவேன்ல? குதிரைக்குப் பின்னால மரச்சட்டம் கட்டி? இருபத்திரண்டு வருசமா ஒருநாள் தவறினதில்ல." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நேத்துப் பண்ணல. எதுக்குன்னு தோணிச்சு. நாளைக்கு மாடு மேயப்போற மண்ணு. அந்த இடைவேளையில கொட்டகையில உக்காந்து ஒரு பீர் குடிச்சேன். ஒண்ணுதான். சத்தியமா ஒண்ணுதான்."

அல்பீனா தின்பதை நிறுத்தினாள். முதல் ஆட்டம் முழுக்க ஆணிச் செருப்புகள் உழுத மண். அந்தப் பள்ளம் மேடெல்லாம் அப்படியே கிடக்க, அதன்மேல்தான் அந்தப் பந்து ஓடியிருக்கிறது. பள்ளத்தில் பட்டுக் குதித்த பந்தைப் பிடிக்காமல் விடுவது பிழை இல்லை. அது அடி.

"வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று எழுந்தாள்.

"அதான்..." என்றார் ஓட்டோ. எழுந்திருக்கவில்லை. "விடியக்காலம் எழுந்தேன். மனசு கேக்கல. போய் முழுக்க இழுத்துச் சமம் பண்ணிட்டேன். பழக்கதோசம்மா."

கடைக்குள் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனாலும் போனார்கள். பதினோரு வருஷம் அந்த மைதானத்தைப் பார்த்திருக்கிறாளே தவிர, அதன் மண்ணில் அவள் கால் வைத்ததில்லை. ஸ்கோரருக்கு அங்கே வேலை இல்லை. மூன்றாம் பேஸ் பக்கம் போய் நின்றாள். மண், மாவு சலித்ததுபோல் வழுவழுவென்று இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தாள்.

"இங்க பள்ளம் இருந்துதா?"

"எங்கயும் இருந்துது. எந்தப் பள்ளம்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் முட்டி போட்டபடியே நிமிர்ந்து புறாக்கூட்டைப் பார்த்தாள். அவ்வளவு தூரமா அது? கூரைமேல் ஒரு தீப்பெட்டி. அங்கிருந்து பார்த்தால் இந்த மண் எப்போதும் மேஜை விரிப்புப் போலத்தான் இருக்கும். மழைக்கு மறுநாளும் அப்படித்தான் இருந்தது, வறட்சியில் வெடித்தபோதும் அப்படித்தான் இருந்தது. பதினோரு வருஷத்தில் எத்தனை முறை சிவப்புக் கயிற்றை இழுத்திருக்கிறாள்? நினைக்க ஆரம்பித்தாள், நினைக்க முடியவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"அந்தப் பையன் இன்னும் ஊர்லதான் இருக்கானா?"

இருந்தான். எதிரணியின் பஸ் ஓட்டல் வாசலில் நின்றது. முந்தின நாள் கொண்டாட்டத்தில் இரண்டு பேருக்குத் தலை நிமிரவில்லை என்று தாமதம். ஆட்டக்காரன் ஒருவனிடம் போய்ப் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மெர்ல் ஓஸ்லண்ட், அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நேத்து அந்தப் பந்து, தம்பி. அது குதிச்சுதா?"

"குதிச்சுதுங்கம்மா! பாம்பு மாதிரி!"

பஸ்ஸுக்குள் இருந்து ஒரு குரல்: "அவனுக்கு எல்லாப் பந்தும் குதிக்கும்மா. ஜூன்லேர்ந்து குதிச்சுக்கிட்டே இருக்கு!"

இன்னொருத்தன்: "பந்து பாவம்மா. அவனைப் பார்த்துப் பயந்து குதிக்குது!"

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. மெர்லின் காது சிவந்துவிட்டது. சட்டைக் காலரை இழுத்துக் காட்டினான். கழுத்தெலும்புக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் ஒரு காயம். பந்தின் தையல்கூட அதில் பதிந்திருந்தது.

"பாருங்கம்மா. குதிக்காத பந்து இங்கயா வந்து படும்?"

"டேய், அது முதல் ஆட்டத்துல பட்டதுடா!"

"இல்லடா, ரெண்டாவது!"

"நான்தானேடா உனக்கு ஐஸ் வச்சேன்? முதல் ஆட்டம்!"

"நீ ஐஸ் வச்சது முழங்கைக்கு!"

அவர்கள் சண்டை முடியவில்லை. அல்பீனா நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். பையன் பொய் சொல்கிறானா? பிழை அவன் பெயரில் இருந்து நீங்கினால் அவனுக்கும் லாபம்தானே. ஓட்டோ சொல்வது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்கிற அவருக்கே எதுவும் தெரியாது. அவள் கண்ணோ, மேலே இருந்த கண்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் விதிப்புத்தகத்தை எடுத்தாள். எடுக்கவேண்டியதே இல்லை, அவளுக்குத் தெரியும். ஐயம் இருந்தால் மட்டைக்காரனுக்கே கொடு. ஒரே வரி. பதினோரு வருஷத்தில் அந்த வரி அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஐயம் வந்ததே இல்லை. அந்த எண்ணம் வந்ததும் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வெளியே யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

மூன்று மணிக்கு லீக் செயலாளர் மிஸ்டர் டோர்னுக்குப் போன் செய்தாள்.

"நேத்து இரண்டாம் ஆட்டம், ஒன்பதாவது சுற்று, பெட்டஸ். பிழைன்னு போட்டிருந்தேன். அடின்னு மாத்துறேன்."

அந்தப் பக்கம் பெட்டிகள் இழுபடும் சத்தம். "மிஸ் ஹ்ராடெக், நீங்களா? பதினோரு வருசத்துல ஒருதடவை கூட மாத்தினதில்லையேம்மா நீங்க."

"இல்லங்க."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுத?"

அவள் யோசித்தாள். "தெரியலைன்னு எழுதுங்க."

"தெரியலைன்னா?"

"ஸ்கோரருக்குத் தெரியலை. அப்படியே எழுதுங்க."

பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. "எழுதியாச்சு. முந்நூறு. இந்தப் பெட்டியை மூடப்போறேன்மா, நல்லவேளை இப்பவே கூப்பிட்டீங்க."

லாய் நாலு நாற்பது பஸ்ஸுக்குப் போகிறான் என்று மில்லிதான் சொன்னாள். பஸ் நிலையத்தின் நீள பெஞ்சில் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தான். காலடியில் துணிப்பை, இரண்டு மட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தான். அவள் போய் மறுமுனையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரப் பழக்கம் இல்லை.

"தம்பி, மாத்திட்டேன்."

"எதைம்மா?"

"நேத்து அடிச்சதை. அடின்னு ஏறியாச்சு. முந்நூறு."

அவன் துள்ளிக் குதிப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டு வந்தாள் போலிருக்கிறது. வழியெல்லாம் அவள் கால் வேகமாகத்தான் வந்தது. அவன் அசையவில்லை. எதிரே சுவரைப் பார்த்தான்.

"எதுக்கும்மா?" என்றான் கடைசியில். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். "நேத்து நான் தூங்கினேன். எட்டு வருசத்துல முதல்தடவையா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். முடிஞ்சுதுன்னு. இன்னைக்குக் காலையில வெர்னாவுக்குப் போன் போட்டேன், வந்துடறேன் புள்ளே, உங்கப்பா டயர் கடையில நிக்கறேன்னு. அவ அழுதா. சந்தோசத்துல அழுதாம்மா. இப்ப நீங்க வந்து..."

அவன் முடிக்கவில்லை. அவள் கைப்பையைத் திறந்து மூடினாள்.

"மறுபடி கதவைத் திறந்து வச்சுட்டீங்க" என்றான். "திறந்த கதவைப் பார்த்தா சும்மா இருக்க முடியுமா என்னால? அது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது தம்பி."

உள்ளே டிக்கெட் ஜன்னலில் ரேடியோவில் பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் பார்த்தா மாத்தினீங்க?"

"இல்ல."

"ஊர்ல திட்டினாங்கன்னு?"

"திட்டு எனக்குப் பழகினதுதான்."

"பின்ன?"

"நேத்து எனக்குத் தெரிஞ்சுது. இன்னைக்குத் தெரியல. தெரியலைன்னா மட்டைக்காரனுக்கு. அவ்வளவுதான்." அப்புறம் கேட்டாள், கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள்: "அது குதிச்சுதா தம்பி?"

அவன் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். "நான் எங்கம்மா பார்த்தேன்? அடிச்சதும் ஓடினேன். ஓடுறவன் பந்தைப் பார்த்தா அரை அடி போயிடும்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மூன்று பேருக்கு நடுவில் ஓடிய பந்து. பார்த்தவளுக்குத் தெரியாது, பட்டவனை நம்ப முடியாது, அடித்தவன் பார்க்கவே இல்லை.

"பாவம்னு சொல்லியிருந்தீங்கன்னா டயர் கடைக்கே போயிருப்பேன்" என்றான். "தெரியலைன்னு சொல்றீங்க. அதை வாங்கிக்கலாம். வெர்னா என்னைக் கொல்லப்போறா."

பஸ் வந்தது. பையைத் தோளில் போட்டு, மட்டைகளை எடுத்துக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தபின் ஏதோ நினைத்துத் திரும்பினான்.

"ஆமா, நீங்க என்னம்மா பண்ணப்போறீங்க இனிமே?"

அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, பிராங்க் செட்லாக் கேட்டதில்லை. ஆட்டத்தைப் பற்றியும் புத்தகத்தைப் பற்றியும் கேட்பார்கள். அவள் வாயைத் திறந்தாள். சொல்ல நிறைய இருந்ததுபோல் இருந்தது, எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். லாய் ஒரு விரலால் தொப்பியைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டான். கதவு மூடியது.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கும்வரை அவள் நின்றாள். அப்புறமும் நின்றாள். டிக்கெட் ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார்.

"அடுத்தது நாளைக் காலையிலதாங்க. யாரையாவது எதிர்பார்க்கிறீங்களா?"

"இல்ல" என்றாள். ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்தமுறை நடுவில்.

அடுத்த வசந்தத்தில் மைதானத்தில் மாடுகள் மேய்ந்தன. பத்திரிகையில், பொடி எழுத்தில், முகாமுக்கு வந்தவர்கள் பட்டியலில் 'பெட்டஸ், லா.' என்று இருந்தது. அடுப்படியில் நின்று அதைச் சத்தமாக ஒருமுறை படித்தாள். இரண்டு வாரம் கழித்து வந்த பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அனுப்பிவிட்டார்களா, அவனாகவே வீட்டுக்குப் போனானா? அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. கடிதம் வரவில்லை, அவளும் எழுதவில்லை. அன்று மாலை மில்லியின் கடைக்குப் போனாள். ஓட்டோ இருந்தார். அவர் பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, போய் உட்கார்ந்தாள். மில்லி காபி வைத்தாள். மண் எப்படி இருக்கு என்று கேட்டாள். ஈரமா இருக்கு என்றார் அவர்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகும்போது பார்த்துப் போங்கள், படியில் பனி இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு தட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் வந்து போகிறவர்களின் காலடி ஓயாமல் இருக்கட்டும். சரியாகச் சொன்ன நாளில் உங்களைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், தெரியவில்லை என்று நீங்கள் சொல்லும் நாளில் பக்கத்தில் வந்து உட்கார உங்களுக்கு ஒருவர் இருக்கட்டும். நல்லா இருங்க, உங்கள் குலம் நல்லா இருக்கட்டும்.